அறைவீட்டின் கதவு: அருளப்பனின் நாட்குறிப்பும் எட்மண்ட் காஸின் தன்வரலாறும்

சிவகாசிக்கு மேற்கேயுள்ள சேகரமொன்றில் ஊழியம் செய்த நாட்களில், ஒரு மாலை நடுத்தர வயதுடைய சகோதரி ஒருவர் குருமனைக்கு வந்தார். அவ்வட்டார மக்கள் 'பயராபீஸ்' என்றழைக்கும் பட்டாசுத் தொழிற்சாலையில் பல்லாண்டுகள் சரவெடி பின்னியவர். 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்சநீதிமன்றம் சரவெடிகளுக்குத் தடை விதித்தபின் அவ்வேலை போயிற்று. தீப்பெட்டி ஆபீசில் அடைப்பு வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார். ஒன்பது ஆண்டுகள் ஒரு ஜெபக்கூட்டத்தாரோடு இருந்து, அண்மையில் வெளியேறியதாகச் சொன்னார்.

அக்கூட்டத்தில் அவர் வாரந்தோறும் அனைவர் முன்னிலையிலும் தம் பாவங்களை எண்ணிச் சொல்லவேண்டும். மருத்துவமனைக்குச் செல்வதற்கும், மகளுக்கு வரன் பார்ப்பதற்கும், உடன்பிறந்தாள் வீட்டு விசேஷத்திற்குப் போவதற்கும் தலைவரின் உத்தரவு வேண்டும். வேலை இழந்ததுகூடக் கீழ்ப்படியாமைக்குக் கிடைத்த தண்டனை என்று அவருக்கு விளக்கப்பட்டது. இறுதியில், இந்துவாகவே வாழ்ந்து மறைந்த தாயின் அடக்கத்திற்குப் போகக்கூடாது என்று தடுத்தபோது, அவர் தடையை மீறிச் சென்றார். திரும்பவும் அக்கூட்டத்திற்குப் போகவில்லை. இவற்றையெல்லாம் அமைதியாகச் சொல்லி முடித்தபின் அவர் கேட்டார்: "ஐயா, கண்ண மூடினா பாஸ்டர் சத்தந்தான் கேக்குது. ஆண்டவர் சத்தம் கேக்கல. நான் எப்படி ஜெபிக்கிறது?"

அன்று நான் சொன்ன மறுமொழியை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன். சபையில் சேர்வதற்குரிய படிவத்தைக் குறித்துப் பேசினேன். புதன்கிழமை பெண்கள் ஐக்கியச் சங்கம், வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம், ஞாயிறு ஆராதனை என ஓர் அட்டவணையைச் சொல்லி அனுப்பினேன். பல வாரங்கள் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. அவர் கேட்டது ஒன்று, நான் கொடுத்தது வேறொன்று. அந்த வாரங்களில் இரு நூல்களை மீண்டும் படிக்க நேர்ந்தது. அவற்றைக் குறித்த இத்திறனாய்வு, அச்சகோதரியின் கேள்விக்கு நான் அன்று கொடுக்கத் தவறிய விடையைத் தேடும் முயற்சியாகும்.

1. ஓர் ஊற்றின் இரு கிளைகள்

முதல் நூல், ஜி. எச். லாங் தொகுத்து 1939-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட, ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் வரலாறும் நாட்குறிப்புகளும். அருளப்பன் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வத்திராயிருப்புக்கு அருகேயுள்ள கிறிஸ்தியான்பேட்டையில் வாழ்ந்தவர். இரண்டாவது, ஆங்கில இலக்கிய உலகில் பெயர்பெற்ற எட்மண்ட் காஸ் 1907-ஆம் ஆண்டில் முதலில் தம் பெயரின்றி வெளியிட்ட 'தந்தையும் மகனும்' என்னும் தன்வரலாறு.

இவ்விரு நூல்களையும் ஒருங்கே வைத்துப் படிப்பதற்குக் காரணம் உண்டு. அருளப்பன் 1810-இல் பிறந்தார். எட்மண்டின் தந்தையும் கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ந்த அறிஞருமான ஃபிலிப் ஹென்றி காஸ் பிறந்ததும் அதே 1810-இல். இருவரும் ஒரே ஆவிக்குரிய இயக்கத்தின் நீரைப் பருகியவர்கள். அஃது 1820-களில் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் தோன்றியதும், நம் நாட்டில் பிரதரன் எனப்படுவதுமாகிய சகோதரர் இயக்கம். குருத்துவப் படிநிலை வேண்டாம், விசுவாசிகள் அனைவரும் சமமாகத் திருவிருந்தில் அமர்வோம் என்று தொடங்கிய விடுதலை இயக்கம் அது. அவ்வியக்கத்தின் ஒரு கிளை, மலையடிவாரத்துத் தமிழர் ஒருவரைத் தம் காலில் நிற்கச் செய்தது. மற்றொரு கிளை, இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் ஒரு சிறுவனை மூச்சுத் திணறச் செய்தது. ஒரே ஊற்றுநீர் இரண்டிடத்தும் இருவேறு சுவை கொண்டது எங்ஙனம் என்பதே நம் வினா.

2. காஸ்: ஒளிந்துகொண்ட உள்ளம்

எட்மண்ட் 1849-இல் பிறந்தார். குழந்தையாயிருக்கும்போதே சாமுவேலைப் போல் ஆண்டவருக்கென்று நேர்ந்துவிடப்பட்டார். வீட்டில் கதைப் புத்தகம் கூடாது. தாய் 1857-இல் புற்றுநோயால் இறந்தபின், தந்தையின் அன்பு முழுவதும் மகனின் ஆத்துமாவைக் கண்காணிப்பதாக மாறிற்று. பத்து வயதில், முதிர்ந்த விசுவாசிக்குரிய முறையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் பண்டிகை புறமதத்தது என்று கருதிய வீட்டில், பணிப்பெண்கள் இரகசியமாகச் செய்த கிறிஸ்துமஸ் இனிப்பில் ஒரு துண்டைச் சிறுவன் தின்றுவிட்டு, மனம் உறுத்த ஓடிவந்து அறிக்கையிடுகிறான். தந்தை அதை எடுத்துச் சென்று குப்பையில் எறிகிறார். இத்தகைய நிகழ்ச்சிகளை காஸ் சினமின்றி, சில இடங்களில் நகைச்சுவையோடும், எங்கும் தந்தைமீது பாசம் குன்றாமலும் எழுதுகிறார். நூலின் வலிமை அதுவே. அதில் கொடியவர் எவருமிலர். கட்டுப்படுத்துகிறவர் நல்லவர், கற்றறிந்தவர், பிள்ளையை உயிராய் நேசிக்கிறவர். ஆயினும் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது.

இந்நூலில் இறையியலாளர் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதிகள் இரண்டு. ஒருநாள் தந்தை உண்மையல்லாத ஒன்றை அறியாமல் சொல்லக் கேட்ட சிறுவன், தந்தை அனைத்தும் அறிந்தவரல்லர் என்று கண்டுகொள்கிறான். அக்கணத்தில் தனக்குள்ளேயே மற்றொருவன் இருப்பதையும், அவனோடு பேசமுடியும் என்பதையும் உணர்கிறான். பிறிதொருநாள், மரத்தையும் கல்லையும் வணங்கினால் தேவன் தம் கோபத்தைக் காட்டுவார் என்று கேட்டிருந்த அவன், ஒரு நாற்காலியை நோக்கி ஜெபித்துப் பார்க்கிறான். ஒன்றும் நிகழவில்லை.

இவற்றை விசுவாசத்தின் வீழ்ச்சி என்று படிப்பவர் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. இடைவிடாத கண்காணிப்பின்கீழ் வளர்கிற ஆத்துமாவில், 'நான்' என்பது முதன்முதலில் ஓர் ஒளிவிடமாகவே பிறக்கிறது. கண்காணிப்பவர் அதைக் கலகம் என்பார். அந்த ஆத்துமாவே அதைப் பாவம் என்று எண்ணி அஞ்சும். ஆனால் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஜெபத்திற்குக் குறித்த இடம் எது? கதவடைத்த அறைவீடு. பிறர் காணாத, பிறர் கேட்காத, பிதா மட்டும் காண்கிற ஓர் இடம் மனிதனுக்கு வேண்டும் என்பது அவர் போதனை. ஆகவே சிறுவன் எட்மண்ட் தனக்குள் கண்டுபிடித்த அந்த மறைவிடம் ஜெபத்தின் பகைவிடமன்று, ஜெபம் தொடங்கக்கூடிய இடம்.

துயரம் யாதெனில், அவ்விடத்தில் அவரை ஜெபிக்கவிட ஒருவரும் இருக்கவில்லை. 1867-இல் பிரித்தானிய அருங்காட்சியகப் பணிக்காக இலண்டனில் வாழத் தொடங்கியபின்னும் தந்தையின் கடிதங்கள் விடாமல் வந்தன: ஆத்துமா எந்நிலையில் உள்ளது? வேதம் வாசித்தாயா? எவரோடு பழகுகிறாய்? ஜெபம் என்றாலே கணக்கொப்புவித்தல் என்றாகிவிட்டது. ஆகவே இறுதியில் அவர் தம் உள்வாழ்வைத் தாமே அமைத்துக்கொள்ளும் உரிமையை எடுத்துக்கொண்டபோது, ஜெபத்தையும் கண்காணிப்போடு சேர்த்தே விட்டுவிட்டார். இலக்கியம் அவருக்குப் புகலிடமாயிற்று.

நூலின் குறையையும் சொல்லவேண்டும். இது மகனின் சாட்சியம் மட்டுமே. ஆன் த்வெயிட் 2002-இல் வெளியிட்ட ஃபிலிப் காஸின் வாழ்க்கை வரலாறு, எட்மண்ட் சிலவற்றைக் கூட்டியும் மாற்றியும் எழுதினார் என்றும், அவ்வில்லத்தில் மகிழ்ச்சியும் இருந்தது என்றும் காட்டுகிறது. வெளியேறியவரின் நினைவும் திருத்தத்திற்கு உட்பட்டதே. ஆனால் அக்காரணத்தால் அவர் பட்ட நோவு பொய்யாகிவிடாது.

3. அருளப்பன்: சம்பளமற்ற ஊழியர்

அருளப்பனின் நாட்குறிப்பில் இத்தகைய உள்மன ஆராய்ச்சியை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். பயணங்கள், பிரசங்கங்கள், நோய்கள், பணத்தட்டுப்பாடு, எதிர்பாராது வந்த உதவி, நன்றி: இவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. முதல் வாசிப்பில் சலிப்புத் தட்டும். ஆனால் அச்சலிப்பூட்டும் வரிகளுக்குப் பின்னாலுள்ள ஒரு தீர்மானத்தை அறிந்தபின் அவை வேறுவிதமாய் ஒலிக்கின்றன.

அருளப்பன் பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவர் எக்ஸெட்டரில் பல் மருத்துவராயிருந்து, அத்தொழிலைத் துறந்து பாக்தாதுக்கு மிஷனெரியாகச் சென்று, அங்குக் கொள்ளைநோயில் மனைவியை இழந்து, 1833-இல் இந்தியா வந்தவர். முன்னர்ச் சர்ச் மிஷனெரி சங்கத்தின்கீழ் வர எண்ணியிருந்தும், குருப்பட்டம் பெறாதவர் திருவிருந்து நடத்தலாகாது என்ற விதியை ஏற்கமாட்டாமல் விலகியவர். அருளப்பன் இவரோடு சேர்ந்து ஊழியம் செய்தார். 1840-இல் மலையடிவாரத்தில் தமக்கென ஊழியத்தளம் அமைக்கும் வேளையில், மிஷனெரிகளிடம் மாதச் சம்பளம் பெறும் ஊழியராக இருக்க அவர் உடன்படவில்லை. தேவனை மட்டும் நம்பி வாழத் துணிந்தார்.

இத்தீர்மானத்தின் கனத்தை அன்றைய சூழலில் வைத்துப் பார்க்கவேண்டும். அந்நாளில் உபதேசியார் என்பவர் மிஷனெரியின் சம்பளத்தில் வாழ்ந்தவர். சோறு எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே உபதேசமும் உத்தரவும் வந்தன. மிஷன் சங்கங்களை இன்றைய கட்டுப்பாட்டுக் குழுக்களோடு ஒன்றாக வைப்பது நியாயமன்று. ஆயினும் ஒருவரின் பிழைப்பையும் மனச்சான்றையும் ஒரே கை பிடித்திருக்கும் அமைப்பு எதுவாயினும், அங்கே ஆபத்து ஒன்றே. அருளப்பன் அக்கையினின்று நீங்கியபோது எவரையும் பழிக்கவில்லை. கசப்பை ஊழியத்தின் முதலாக்கவில்லை.

இதனினும் முக்கியமானது குரோவ்ஸ் செய்தது. சம்பளம் கொடுப்பவர் என்ற நிலையில் கிடைத்திருக்கும் அதிகாரத்தை அவர் நாடவில்லை. தம்மைச் சாராமல் தேவனைச் சார்ந்து ஓர் இந்தியர் எழுந்து நிற்பதைக் கண்டு மகிழ்ந்தார்; இத்தகைய முறையே இந்தியரின் தனித்தன்மையை வளர்க்கும் என்ற கருத்தைப் பதிவு செய்தார். ஃபிலிப் காஸ் தம் மகனுக்குச் செய்ய இயலாததை குரோவ்ஸ் தம் உடன் ஊழியருக்குச் செய்தார் என்று சொல்லலாம்.

இது தற்செயலன்று. 1836 மார்ச்சில், இந்தியாவுக்குத் திரும்பும் தறுவாயில், இயக்கத்தின் பெருந்தலைவராகிக்கொண்டிருந்த ஜான் நெல்சன் டார்பிக்கு குரோவ்ஸ் ஒரு கடிதம் எழுதினார். ஐக்கியத்தின் அடிப்படை கிறிஸ்துவில் பொதுவான ஜீவனே. பிறரின் பிழைகளுக்கு எதிர்ச்சாட்சி பகர்வதை அடிப்படையாக்கினால் நாம் எதை விட்டு வந்தோமோ அதனினும் குறுகியவர்களாவோம் என்பது அதன் சாரம். எச்சரிக்கை பலித்தது. 1848-இல் இயக்கம் பிளவுண்டது. டார்பியின் பக்கம் நின்ற தனிப்பிரிவினரின் ஒரு பகுதி, 1960-களில் ஜேம்ஸ் டெய்லர் இளையவரின் தலைமையில், குழுவில் இல்லாத சொந்த உறவினரோடு ஒரே பந்தியில் உண்பதையும் தடை செய்தது. அப்பிரிவில் வளர்ந்து குடும்பத்தோடு வெளிவந்த ரெபெக்கா ஸ்டாட் 2017-இல் எழுதிய நினைவு நூல் இதற்குச் சான்று. விடுதலையாகத் தொடங்கியது சிறையாயிற்று; நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதை உள்ளிருந்தே ஒருவர் கண்டு சொல்லியிருந்தார்.

4. நாட்குறிப்பு சொல்லாதவை

அருளப்பனைப் போற்றுவதோடு நின்றுவிட்டால் அது திறனாய்வு ஆகாது. மூன்று குறைகளை நோக்கவேண்டும்.

முதலாவது, நமக்குக் கிடைப்பது லாங் தெரிந்தெடுத்த அருளப்பன். லாங் சகோதரர் இயக்கத்தைச் சேர்ந்தவர். விசுவாச ஊழியத்திற்கு முன்மாதிரி தேடியவர். ஒரு தமிழரின் நாட்குறிப்பை ஆங்கிலேயர் ஒருவரின் நோக்கத்தின் வழியாகவே படிக்கிறோம்.

இரண்டாவது, இது தலைவரின் நாட்குறிப்பு; குடிகளின் நாட்குறிப்பன்று. கிறிஸ்தியான்பேட்டையில் வாழ்ந்து, மனம் ஒவ்வாது வெளியேற விரும்பிய ஒருவர் இருந்திருந்தால், அவர் எவ்வாறு நடத்தப்பட்டார்? நூல் இக்கேள்வியை எழுப்பவில்லை. தம் விடுதலையைப் பெற்றவர் பிறருக்கும் அதைக் கொடுத்தாரா என்பதே எந்தத் தலைவருக்கும் உரிய சோதனை.

மூன்றாவது, 1860-ஆம் ஆண்டின் எழுப்புதல். கிறிஸ்தியான்பேட்டையில் தொடங்கி வடதிருநெல்வேலிச் சபைகளில் பரவிய அவ்வெழுப்புதல் ஐரோப்பியர் கையின்றி இந்தியரிடையே எழுந்தது என்பதை ஆஷ்டன் டிப் போன்ற மிஷனெரிகளே குறித்தனர். அதில் மக்கள் மார்பில் அறைந்து அழுது, வெளிப்படையாகப் பாவ அறிக்கை செய்தனர். உள்ளம் தானே உடைந்து வாய் திறப்பது அருள். அதையே வாரந்தோறும் முறைவைத்துக் கேட்டு வாங்கினால் அது கொடுமை. குருமனைக்கு வந்த சகோதரி ஒன்பது ஆண்டுகள் செய்த அறிக்கைக்கும் 1860-இன் அறிக்கைக்கும் வெளித்தோற்றத்தில் வேற்றுமை சிறிது, வேரில் பெரிது. அறிக்கையிட மறுக்கவும் ஒருவருக்கு இடமிருந்ததா என்று கேட்டால் அவ்வேற்றுமை விளங்கும்.

இவ்வெழுப்புதலின் பின்வரலாறும் எச்சரிக்கை தருகிறது. அருளப்பனின் ஊழியத்தில் உருவான தமிழ் ஊழியர்கள் வழியாக 1873-இல் திருவிதாங்கூரில் எழுப்புதல் பரவிற்று. அங்கே வித்துவான் குட்டி எனப்பட்ட யுஸ்துஸ் யோசேப்பு 1875-இல் தனிச்சபை கண்டார். 1881-இல் கிறிஸ்து வருவார் என்ற தீர்க்கதரிசனத்தை நம்பி மக்கள் காத்திருந்தனர். அவ்வாண்டு கடந்தது, எதிர்பார்த்தது நிகழவில்லை. ஒரு கரத்தினின்று விடுபட்டவர்கள், சோதித்தறியும் உரிமையைத் தங்களிடம் வைத்துக்கொள்ளாவிடில், மற்றொரு கரத்தில் எளிதில் விழுவர். வெளியேறுதல் மட்டும் விடுதலையாகாது.

5. சபையின் கடன்

இவ்விரு நூல்களும் சேர்ந்து நமக்குக் கற்பிப்பது இதுவே: கட்டுப்பாட்டினின்று வெளிவந்தவர் தமக்குரிய ஆவிக்குரிய வாழ்வைக் கண்டடைய வேண்டுமாயின், அவருக்கு முதலில் வேண்டுவது கணக்குக் கேட்காத ஓர் அருகாமை. காஸிடம் அறைவீடு இருந்தது. அதன் கதவைத் தட்டாமல் வெளியே அமர்ந்திருக்க ஒருவரும் இல்லை. அருளப்பனுக்கு அத்தகைய ஒருவர் கிடைத்தார். அவ்வேற்றுமை இருவர் வாழ்விலும் பெரும்பங்கு வகித்தது என்பது என் துணிபு.

பவுலடியார் இதனை அறிந்திருந்தார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகார முடிவில், தாம் அவர்களுடைய விசுவாசத்தை ஆள வரவில்லை, அவர்கள் மகிழ்வதற்குத் துணைசெய்யவே வந்ததாகச் சொல்லுகிறார். அப்போஸ்தலரே எடுத்துக்கொள்ளாத ஆளுகையைச் சேகரகுருக்களும், சபைக் கமிட்டியாரும், ஜெபக்கூட்டத் தலைவர்களும் எடுத்துக்கொள்ள என்ன நியாயம் உண்டு? மற்றவர் கூட்டங்களைக் குறைகூறுவதற்கு முன் நம் சேகரங்களை நாம் ஆராயவேண்டும். காணிக்கைப் பாக்கிக்காகத் திருமண ஓலை வாசிக்க மறுப்பதும், தேர்தலில் எதிரணிக்கு வாக்களித்த குடும்பத்தின் துக்கவீட்டிற்குச் செல்லாதிருப்பதும் அதே மரத்தின் கனிகள்.

அச்சகோதரியை நான் மீண்டும் சந்தித்தபோது அட்டவணை எதையும் சொல்லவில்லை. 131-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பார்க்கும்படி மட்டும் சொன்னேன். மூன்றே வசனங்கள். அதில் பால்குடி மறந்த குழந்தையொன்று வருகிறது. பால்குடி மறப்பது பிரிவுதான், அழுகையும் உண்டு. ஆயினும் அக்குழந்தை தாயின் மடியை இழக்கவில்லை. இனி அது பாலுக்காக மடியில் இருப்பதில்லை, தாய்க்காகவே இருக்கிறது. தலைவரின் குரலைவிட மிகப் பழைய குரல் இது என்றேன். கண்ணை மூட வேண்டியதில்லை, திறந்தபடியே படிக்கலாம் என்றும் சொன்னேன். அவர் மறுமொழி சொல்லாமல் எழுந்து போனார்.

சில மாதங்களுக்குப்பின் ஆராதனையில் அவரைக் கண்டேன். வாசலுக்கு அருகில், கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். ஆசீர்வாதத்திற்கு முன்னரே எழுந்து சென்றார். சில ஞாயிறுகளில் வருவார், சில ஞாயிறுகளில் வரமாட்டார். ஒருநாள் வழியில் பார்த்தபோது, அடைப்பு வேலையில் கை ஓடிக்கொண்டிருக்கும்போது மனம் சும்மா ஆண்டவரிடம் இருக்கிறது, வார்த்தை ஒன்றும் வருவதில்லை, அது ஜெபம்தானா என்று கேட்டார். ஜெபம்தான் என்றேன். அந்தக் குரல் இன்னும் கேட்கிறதா என்று நான் கேட்கவில்லை. அதுவும் கணக்குக் கேட்பதாகிவிடும்.

அவரைச் சபைப்பதிவேட்டில் எப்பொழுது சேர்ப்பது என்று கமிட்டியில் ஒருவர் வினவினார். அவர் கேட்கும்பொழுது என்றேன். அதுவரை அவருக்கு நாம் செய்யவேண்டியது யாது என்று அவர் மேலும் கேட்டார். வாசலுக்கு அருகிலுள்ள அந்த இடத்தில் வேறெவரும் உட்காராமல் பார்த்துக்கொள்வதே என்று சொன்னேன்.